ஐம்பது ரூபாய் ஈரம்

குளியலறைக்குள் தனியாகப் போய், உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வதற்கு மாதம் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். முல்லா வீதி கனீஸ் பாத்திமாவுக்குச் சொல்லப்பட்ட விலை இது. இரண்டு காலையும் ஊன்றி நடக்கிறவர்களுக்கு இந்தச் சரக்கு பிறக்கும்போதே இலவச இணைப்பாக வந்துவிடுவதால், இதற்கு ஒரு விலை உண்டென்று அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். கனீஸுக்கு அது தெரியும். எந்த விலையும் முதல் தடவை சொல்லப்படும்போது கொஞ்சம் வீங்கித்தான் இருக்கும் என்பது அதைவிட நன்றாகத் தெரியும்.

வயது ஐம்பத்தொன்று. இரண்டு வயதில் வந்த போலியோ இடது காலைக் குச்சியாக்கிவிட்டுப் போயிருந்தது. அந்தக் காலில் இரும்பும் தோலும் சேர்த்துச் செய்த காலிப்பர், வலது கையில் ஊன்றுகோல். வாய்க்கு மட்டும் எந்தத் துணையும் தேவைப்பட்டதில்லை. பெரிய மார்க்கெட் பக்கத்தில் அவள் அத்தா நடத்திய துணிக்கடையில், பன்னிரண்டு வயதிலிருந்து கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கத்தரிக்கோல் பிடித்தவள்.

அந்தக் கடையில் பேரம் பேசி ஜெயித்தவர்கள் ஏராளம். ஜெயித்துக் கொண்டுபோன துணி மட்டும் தையல்காரர் மேசையில் விரித்ததும் நாலு விரல் குறையும். வாடிக்கையாளர் விலையை உடைத்த மறுகணம், அத்தாவின் கட்டைவிரல் மீட்டர் கம்பியின் மேல் மீட்டருக்கு ஒரு விரல் வீதம் பின்னால் நகரும். கனீஸ் அந்த விரலைப் பார்த்து வெட்டுவாள். அத்தா இதைத் திருட்டு என்று ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நாம் கேட்ட விலைக்கு முழுத் துணி, அவர் கொடுத்த விலைக்கு அவர் துணி, இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்பார். பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் போகிறவன் துணியை அளந்து பார்க்க மாட்டான் என்பதும் அவர் கண்ட உண்மை.

அத்தாவோடு கடையும் போய்விட்டது. கனீஸ் இப்போது வீட்டின் முன்னறையில் புடவைகளை விரித்துப் படம் எடுத்து வாட்ஸாப்பில் விற்கிறாள். செலவு போக மாதம் பன்னிரண்டாயிரம் நிற்கும். அரசு உதவித்தொகை தனி. அவள் பணமில்லாமல் பேரம் பேசினாள் என்று யாராவது பிற்பாடு இரக்கப்பட்டால், அந்த இரக்கத்தைத் தயவுசெய்து வேறு யாருக்காவது கொடுக்கலாம்.

மார்ச் மாதம் அம்மா இறந்தார். அதுவரை ஐம்பது வருஷமாக, மகள் குளிக்கப் போகுமுன் ஒரு பழைய பருத்திச் சேலையோடு உள்ளே போய்த் தரையைத் துடைத்துவிட்டு வருவது அம்மாவின் வேலை. அது ஒரு வேலை என்றே வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா போய் மூன்றே வாரத்தில், அறுபது வருஷக் கால்கள் தேய்த்து வழவழப்பாக்கிய கடப்பைக் கல்லில் பாசி பிடித்தது. ஊன்றுகோலின் அடி ரப்பர் ஈரக் கல்லில் எப்படி வழுக்கும் என்பது, சோப்பை ஈரக் கையில் பிடித்த எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அண்ணன் அன்வருதீன் மூலக்குளத்தில் மாடி வீடு கட்டிக்கொண்டு போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. முல்லா வீதி வீட்டில் மார்க்கப்படி அவருக்கு இரண்டு பங்கு, தங்கைக்கு ஒரு பங்கு. பிரான்ஸிலிருந்து பென்ஷனோடு திரும்பிவந்த ஒருவர், அந்த வீட்டில் காபிக் கடையும் நாலு தங்கும் அறைகளும் வைக்க ஆசைப்பட்டு, மாதம் அறுபதாயிரம் வாடகை பேசிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அண்ணனுக்குத் தங்கையின் உடல்நலத்தில் அக்கறை கூடிவிட்டது. மூலக்குளத்தில் ஹாலை ஒட்டி ஓர் அறை தயார் என்றார். அந்த அறையின் குளியலறைக் கதவில் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டதாகவும், அவசரத்துக்கு அண்ணி உள்ளே வர வசதி என்றும் பெருமையாகச் சொன்னார்.

கனீஸ் வரமாட்டேன் என்றாள். ரம்ஜான் முடிந்த மறுவாரம் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்து பேசினார்கள். இரண்டு பேரும் ஒரே கடையில் வளர்ந்தவர்கள் என்பதால் பேச்சு இழுத்தது. கடைசியில் அண்ணன்தான் முடித்தார்.

"இங்கியே இரு. ஆனா ஒரு தடவ விழுந்தேன்னு வெச்சிக்கோ, அதுக்கப்புறம் பேச்சு கிடையாது. பெட்டிய கட்டிக்கிணு மூலக்குளம்."

"ஒரு தடவ" என்று கனீஸும் ஒத்துக்கொண்டாள். விழப்போவதில்லை என்பதால் அது அவளுக்கு மலிவான பேரமாகத் தெரிந்தது.

மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு சங்கம், வீட்டைத் துப்புரவு செய்யப் பெண்களைப் பழக்கி அனுப்புவதாகக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டாள். ஜூன் முதல் வாரத்தில் சங்கத்திலிருந்து பூர்ணிமா என்ற மேற்பார்வையாளர் வந்தாள். கூடவே தவளக்குப்பத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து டவுன் பஸ் பிடித்து வந்த அஞ்சலாட்சி. முப்பத்தெட்டு வயது இருக்கும், காரியமான முகம். பூர்ணிமா குளியலறையில் குனிந்து கல்லைத் தடவிப் பார்த்தாள். கனீஸ் நடக்கும் பாதையில் குறுக்கே கிடந்த சார்ஜர் ஒயரை அவளே எடுத்துச் சுவரோரம் விட்டாள். இது வீடு பெருக்குகிற வேலை இல்லை, விழாமல் பார்த்துக்கொள்கிற வேலை என்றாள்.

காலை ஏழிலிருந்து ஒன்பதரைவரை, நாளுக்கு இரண்டரை மணி நேரம், இருநூறு ரூபாய். ஞாயிறும் மாதத்தில் இரண்டு நாள் விடுப்பும் போக இருபத்து நான்கு நாள். முதல் இரண்டு மணி நேரத்தில் வீட்டைப் பெருக்கித் துடைத்து, பாதையை ஒழித்து, கடைசியாகக் குளியலறையை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். மீதி அரைமணி நேரம்தான் பூர்ணிமா அழுத்திச் சொன்னது. தண்ணீரைத் தள்ளியபின் உலர்ந்த துணியால் இரண்டு முறை துடைத்து, வெறுங்காலால் நடந்து பார்த்து, கனீஸ் குளித்துவிட்டு வெளியே வரும்வரை கதவுக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். விலையில் பேரம் கிடையாது, குறைத்து வாங்கினால் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று அஞ்சலாட்சியைப் பார்த்துச் சொன்னாள். மாதக் கடைசியில் கொடுத்த கூலியைக் குறித்துக் கனீஸ் கையெழுத்துப் போட ஓர் அட்டையையும் கொடுத்தாள்.

பேரம் கிடையாது என்று சொன்ன இடத்தில் பேரம் பேசாமல் எழுந்தால் அத்தாவின் ஆத்மா சாந்தியடையாது. பூர்ணிமாவின் ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை தாண்டியதும் கனீஸ் ஆரம்பித்தாள்.

"அவங்க சொன்னது அட்டைக்கு. நமக்குள்ள என்னா சொல்ற?"

"இது இன்னா கத்திரிக்காயாக்கா, பேசி வாங்க?"

"கத்திரிக்காய்னா சொத்தையத் திருப்பிப் பாத்து எடுப்பேன். ஆளத் திருப்பிப் பாக்க முடியாதில்ல, அதான் வெலையத் திருப்பிப் பாக்கறேன்."

அஞ்சலாட்சி சிரித்துவிட்டாள். சிரித்தவர்கள் இறங்கிவருவார்கள் என்பது கடையில் கற்ற பாடம். நூறில் கனீஸ் நின்றாள், இருநூறில் அவள் நின்றாள். பஸ் காசு பேசப்பட்டது, தேநீர் பேசப்பட்டது, பெருநாளைக்கு ஒரு புடவை பேசப்பட்டது. அஞ்சலாட்சி வாசலைப் பார்த்தாள். பக்கத்து வீதியில் ஒன்பதரைக்குப் பாத்திரம் தேய்க்க ஆள் கேட்டிருந்தார்கள், மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு. கனீஸ் வீட்டிலிருந்து அரைமணி முன்னால் கிளம்பினால் அதைப் பிடிக்கலாம். அவள் மனசுக்குள் போட்ட கணக்கு அது. கனீஸுக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

"சரிக்கா, நூத்தம்பது. ஆனா தொடைச்சிட்டு நிக்கறதெல்லாம் இதுல வராது. தண்ணியத் தள்ளிட்டு ஃபேன் போட்டுட்டுப் போயிடுவேன். கொஞ்ச நேரம் கழிச்சுப் போங்க."

கனீஸ் தலையாட்டினாள். அவள் காதில் விழுந்தது நூற்றைம்பது மட்டும். அன்று மாலை வாட்ஸாப்பில் மூன்று புடவை விற்றது கூட அவ்வளவு இனிக்கவில்லை.

ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லை. அஞ்சலாட்சி ஏழு மணிக்கு வருவாள், ஒன்பதுக்குப் போய்விடுவாள். கல் கண்ணாடியாக மின்னியது. ஜூனிலிருந்து அக்டோபர்வரை குளியலறை ஜன்னல் வழியாக விழுந்த வெயில், அந்த அரைமணி நேர வேலையைச் சம்பளம் கேட்காமல் செய்து கொடுத்தது. கனீஸ் அரைமணி பொறுத்து உள்ளே போவாள், தாழ்ப்பாள் போடுவாள், பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாகக் குளிப்பாள், பழைய பாட்டு ஏதாவது முணுமுணுப்பாள். அந்த அறைக்குள் அவளை யாரும் தூக்கவோ பிடிக்கவோ பாவம் என்று பார்க்கவோ முடியாது. மாதக் கடைசியில் அட்டையில் இருநூறு வீதம் என்று கையெழுத்துப் போட்டாள். மூவாயிரத்து அறுநூறு கொடுத்து, ஆயிரத்து இருநூறைத் தகரப் பெட்டியில் போட்டாள்.

நவம்பர் முதல் வாரத்தில் மழை பிடித்தது. வெயில் வேலையை விட்டு நின்றுகொண்டது. அன்று காலை மழை விட்டிருந்தாலும் காற்றில் தண்ணீர் இருந்தது. அஞ்சலாட்சி போய் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கனீஸ் எழுந்தாள். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, திரும்பி ஊன்றுகோலை வைத்தாள். அது நின்ற இடத்தில் நிற்கவில்லை.

வலது இடுப்பு கல்லில் மோதிய சத்தத்தை அவளே கேட்டாள். நல்ல கால் அதுதான். போன் முன்னறையில் புடவைகளுக்கு நடுவே கிடந்தது. கதவு இரண்டடியில் இருந்தது, தாழ்ப்பாள் தலைக்கு மேலே. கத்திப் பார்த்தாள். தெருவில் போன மீன்காரரின் குரல் அவள் குரலைவிடக் கனமாக இருந்தது.

வலியின் நடுவே கை தன்னிச்சையாகக் கல்லைத் தடவியது. பாசி இல்லை. சோப்புக் கறை இல்லை. உப்புத் தண்ணீர் விட்டுப்போகும் வெள்ளைப் படிவம்கூடச் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. குறை சொல்ல முடியாத வேலை. மேலே காகிதம் அளவுக்கு ஒரு ஈரம் மட்டும். கொடுத்த விலைக்கு அளந்து வெட்டியிருந்தது, நாலு விரல் குறைவாக. நாற்பது வருஷம் முன்னால் கம்பியின் மேல் நகர்ந்த கட்டைவிரலைத் தினமும் பார்த்து வெட்டியவள், தன்னிடம் அந்த விரல் நகர்ந்தபோது பேரத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தாள்.

மதியம் இரண்டு மணிக்கு மழை மறுபடி பிடித்தது. காலையில் குடையை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்த அஞ்சலாட்சி, அதை எடுக்க, கனீஸ் கொடுத்து வைத்திருந்த சாவியால் வெளிக்கதவைத் திறந்து வந்தாள். முனகல் கேட்டுக் கதவைத் தள்ளினாள், அசையவில்லை. தெருக்கோடித் தச்சர் ராஜவேலைக் கூட்டிவந்து தாழ்ப்பாளை உடைக்க வேண்டியதாயிற்று. அஞ்சலாட்சி தச்சரை உள்ளே விடாமல் வெளியே நிறுத்தி, தன் புடவை முந்தானையால் கனீஸின் காலை மூடி, ஆம்புலன்ஸில் கூடவே ஏறிக்கொண்டாள். மாலையில் போகவேண்டிய சங்கத்து இன்னொரு வீட்டுக்கு அன்று போகவில்லை. இதையெல்லாம் எந்த அட்டையிலும் யாரும் குறிக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை செய்து இடுப்பில் கம்பி வைத்தார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி அறையில் நாலு பேர் கூடினார்கள். அன்வருதீன் சங்கத்தின் மேல் புகார் எழுதப்போவதாகச் சொல்லிப் பூர்ணிமாவை வரவழைத்திருந்தார். அவள் அட்டையின் நகலோடு வந்திருந்தாள். அஞ்சலாட்சி கதவோரம் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தரையைத் துடைத்தாயா என்று பூர்ணிமா அஞ்சலாட்சியைக் கேட்டாள். இல்லை என்றாள். ஏன் என்றதற்குக் கட்டிலைப் பார்த்தாள். குறைத்து வாங்கினேன் என்று சொன்னாலும் பெயர் போகும், துடைக்கவில்லை என்றாலும் பெயர் போகும். அவளுக்காகப் பேசக்கூடிய ஒரே ஆள் கட்டிலில் படுத்திருந்தாள்.

பூர்ணிமா கனீஸ் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க நாளுக்கு இருநூறும் கொடுத்தீங்களா?"

கனீஸின் மூளை வலி மருந்திலும் விழித்திருந்தது. இல்லை, நூற்றைம்பதுதான் என்றால், ஐம்பது ரூபாய்க்கு இடுப்பை உடைத்துக்கொண்டவள் தனியாக வீடு நடத்துவாளா என்று அண்ணன் சிரிப்பார். கொடுத்தேன் என்றால் தப்பு வேலைக்காரியின் மேல் போகும். ஆளை மாற்றினால் போதும், வீட்டை மாற்ற வேண்டாம் என்று வாதாடலாம். இரண்டையும் எடைபோட அவளுக்கு ஒரு மூச்சு நேரம் போதுமானதாக இருந்தது.

"கொடுத்தேன்" என்றாள்.

அஞ்சலாட்சி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் கனீஸ் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

பூர்ணிமாவும் போனபிறகு கனீஸ் தன் சரக்கை எடுத்து விரித்தாள். விழுந்தது என் காலால் இல்லை, அவள் துடைக்காததால், ஆகவே இதை விழுந்த கணக்கில் சேர்க்கக்கூடாது, நல்ல ஆளாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன் என்றாள். அன்வருதீன் பொறுமையாகக் கேட்டார். அத்தாவின் மகன் அல்லவா.

"இருநூறு கொடுத்தே, சங்கத்துல பழக்கின ஆள் வந்தா, அட்டை, கையெழுத்து எல்லாம் இருந்துது. அப்பவும் விழுந்தே. இனிமே முந்நூறு கொடுத்தா பறப்பியா?"

கனீஸுக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு வழி இருந்தது. ஐம்பது ரூபாய் குறைத்தேன், அதனால் விழுந்தேன், முழு விலை கொடுத்திருந்தால் விழுந்திருக்க மாட்டேன் என்று பேசியிருக்கலாம். அண்ணன் சிரித்திருப்பார், ஆனால் பதில் சொல்ல முடிந்திருக்காது. முழு விலை கொடுத்தும் விழுந்தவளுக்கு எந்த விலையிலும் பத்திரம் கிடையாது என்று அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். இப்போது பேச்சை மாற்றினால் பொய்க்காரி என்ற பட்டமும் சேரும். வாழ்நாளில் அவள் பேரத்தை நடுவில் விட்டது அது ஒன்றுதான்.

மூலக்குளம் வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. குளியலறையில் வழுக்காத ஓடு. ஒரு பெண் நாள் முழுக்க இருந்து துடைத்துக்கொண்டே இருக்கிறாள். தரை எந்நேரமும் காய்ந்திருக்கிறது. கனீஸ் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்ததும், அண்ணி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, முதுகு தேய்க்கட்டுமா என்று அன்பாகக் கேட்கிறார். வேண்டாம் என்றாலும் தேய்க்கிறார். ஒருநாள் கனீஸ் தாழ்ப்பாள் பற்றிப் பேச்செடுத்தாள். இந்த நிலைமையிலுமா என்று அண்ணி கண் கலங்கிவிட்டதால், கனீஸ்தான் அவரைச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது.

முல்லா வீதி வீட்டில் கொத்தனார்கள் ஏறியிருக்கிறார்கள். கடப்பைக் கல் ரொம்ப அழகு, மாற்ற வேண்டாம் என்று வாடகைக்காரர் சொல்லிவிட்டாராம்.

மார்ச் கடைசியில் கனீஸ் பூர்ணிமாவுக்குப் போன் செய்து அஞ்சலாட்சியைப் பற்றி விசாரித்தாள். புகார் வந்ததால் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகவும், சங்கத்து இன்னொரு வீடும் போய்விட்டதாகவும், பக்கத்து வீதியில் பாத்திரம் தேய்த்த வீட்டில்கூட விஷயம் கேள்விப்பட்டு நிறுத்திவிட்டதாகவும் பூர்ணிமா சொன்னாள். இப்போது முகூர்த்த நாட்களில் தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அண்டா தேய்க்கிறாளாம். அவளுக்கு ஆறாயிரம் ரூபாய் அனுப்பவேண்டும், பழைய பாக்கி என்று கனீஸ் சொன்னாள். பூர்ணிமா அட்டையை எடுத்துப் பார்த்தாள். எல்லா மாதமும் முழுசாகக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, பாக்கி எதுவும் இல்லையே, எதற்கு என்று எழுதிக்கொள்வது என்று கேட்டாள். ஹாலில் அண்ணன் தினசரி படித்துக்கொண்டிருந்தார், பக்கம் திருப்புகிற சத்தம் நின்றிருந்தது. கனீஸ் ஒன்றுமில்லை என்று போனை வைத்தாள்.

பிறகு தலைமாட்டிலிருந்து புடவைக் கணக்கு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தில், அத்தா எழுதுகிற மாதிரி நடுவில் கோடு கிழித்து எழுதினாள்.

மிச்சம் பிடித்தது: 120 நாள், நாளுக்கு 50, ஆக 6,000.
ஆஸ்பத்திரிக்கு அண்ணன் கொடுத்தது: 1,72,000. வாடகையில் என் பங்கில் கழிவு.
தாழ்ப்பாள் உடைத்த கூலி, தச்சர் ராஜவேலுக்கு: 300. கொடுத்தாயிற்று.
அஞ்சலாட்சிக்கு, குறைத்தது: 6,000.
அஞ்சலாட்சிக்கு, போன வீடுகள் என்னுடையதையும் சேர்த்து மூன்று, மாதம் 4,800, 4,800, 2,500. நவம்பர் முதல் மார்ச் வரை ஐந்து மாதம், ஆக 60,500.
கூட்டுத்தொகை: 66,500.
கொடுத்தது: இல்லை.
பாக்கி: 66,500. ஏப்ரல் இன்னும் சேர்க்கவில்லை.